எப்போதாவது

திருத்துறைப்பூண்டி தாண்டி நாலாவது கேட்.
எனக்கு முன்னால் இங்கிருந்த அமலோற்பவம்
பத்து மணி ரயில் போனதும்
வெள்ளை நாய்க்கு நாள் தவறாமல் பன் போட்டாளாம்.
காது கிழிந்ததற்கு
மனசு வந்தால் மட்டும்.

மாற்றலாகி அவள் போன அஞ்சாம் நாள்
வெள்ளை வரவில்லை.
கணக்கு முடித்துக்கொண்டு
உப்பளத்துப் பக்கம் போய்விட்டது.

கிழிந்த காது இன்றைக்கும் வருகிறது.
ரயில் சத்தம் தேய்வதற்குள்
தண்டவாளம் தாண்டி உட்கார்ந்து
என் சட்டைப்பையைப் பார்க்கும்.
வெறுங்கையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தது,
வெறுங்கையை அது நம்புவதில்லை.

கேட்டுக்குத் தெற்கே கடைமடை.
போன வருஷம் தண்ணீர் எட்டவில்லை.
அதற்கு முந்தியும் இல்லை.
அதற்கும் முந்தி முழங்கால் அளவு,
பதினெட்டு நாள்.

இன்று காலை உத்திராபதி
விதைநெல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு
மூடிய கேட்டில் நின்றார்.
"மேட்டூர் திறந்தாச்சாமே."
ரயில் போகட்டும் என்றேன்.
மூட்டையை இறக்கி வைக்கவில்லை அவர்.

நேற்று ஏதோ நினைப்பில்
அரை பிஸ்கட் போட்டுவிட்டேன்.

இனி ஒரு வருஷத்துக்கு வரும்.