ஒரு டிகிரிக்கு இரண்டு நாள்

கடிகாரம் நின்றுவிட்டதென்று
லா பிரெவினிலிருந்து தொலைபேசியில் சொன்னார் மதாம் பெர்ரெனு.
எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
தொழில் பழக்கம், ஒரு பயனும் இல்லாத கேள்வி.
நாலேகால் என்றார்.
எந்த நாளின் நாலேகால் என்று
அவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி. பேருந்தில் நானும் ஓட்டுநரும்,
என் மடியில் கருவிப்பெட்டி.
அந்தப் பள்ளத்தாக்குக்குக் குளிர் வந்து போவதில்லை.
குடியிருக்கிறது,
வரி மட்டும் கட்டுவதில்லை.

இந்த வகைக் கடிகாரத்துக்குச் சாவி கிடையாது.
உள்ளே முத்திரையிட்ட ஒரு துருத்தி,
துருத்திக்குள் கொஞ்சம் வாயு.
அறை சூடானால் விம்மும், ஆறினால் சுருங்கும்,
அந்த மூச்சில் வில் முறுக்கேறும்.
ஒரு டிகிரி ஏறினாலோ இறங்கினாலோ
இரண்டு நாள் ஓடும்.
அடியில் தொங்கும் சக்கரம்
அரை நிமிடம் இந்தப் பக்கம், அரை நிமிடம் அந்தப் பக்கம்,
யாரோ கூப்பிட்ட மாதிரி
அவசரமில்லாமல் திரும்பிப் பார்க்கும்.

அலமாரி மேல் கண்ணாடிப் பெட்டி.
பீடத்தில் பொறித்திருந்தது:
அர்மான் பெர்ரெனுவுக்கு, சுங்கச்சாவடித் தோழர்கள், 1971.

மட்டம் பார்த்தேன், குமிழி நடுவில்.
தொங்குகம்பி முழுசாக இருந்தது.
துருத்தியைக் கழற்றி வாசல் பனியில் வைத்தேன், சுருங்கியது.
உள்ளங்கையில் ஏந்தினேன், விம்மியது.
நோயாளிக்கு நோயில்லை.

சுவரில் வெப்பமானி: இருபத்திரண்டு.
சூப் கொடுத்தார், குடித்தேன்: இருபத்திரண்டு.
மூன்று மணிக்கும் இருபத்திரண்டு.
மகன் மாட்டிக்கொடுத்த புதுக் கொதிகலன்,
தானே பார்த்துக்கொள்ளுமாம்.

எப்போதும் இப்படித்தானா என்றேன்.
அக்டோபரிலிருந்து என்றார். அவர் போனதிலிருந்து.

பிறகு சொன்னார், நான் கேட்காமலே:
முப்பத்தொரு வருடம் எல்லையில் நின்று
அடுத்தவர் பெட்டிகளைத் திறந்தே பழகிய கை.
வீட்டில் மூடியிருந்த எதையும் விட்டுவைக்காது.
இரவு பத்துக்கு ஜன்னலைத் திறப்பார்,
பத்தேகாலுக்கு நான் மூடுவேன்.
நடுநிசியில் அவர். பின்னாலேயே நான்.
ஒரு ஜனவரியில் ரொட்டிமாவு பாத்திரத்தோடு உறைந்துபோனது,
மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை.
குளிரவைத்துக் கொல்லப்பார்க்கிறீர்கள் என்பேன் நான்.
புழுங்கவைத்துக் கொல்கிறாய் என்பார் அவர்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
சாதாரணச் சண்டைக்கு நாலு டிகிரி, எட்டு நாள்.
ரொட்டிமாவுச் சண்டைக்கு
ஒரு மாதமாவது ஓடியிருக்கும்.

என்ன கோளாறு என்றார்.
பட்டினி என்றேன். விளக்கினேன்.
கைக்குட்டையைத் தேடுவார் என்று நினைத்தேன்.
அவருக்குக் கோபம் வந்தது.

அப்படியானால் அவர் செய்ததுதான் சரி என்கிறீர்களா?

பாதி, என்றேன்.
திறந்தே கிடந்தாலும் நின்றிருக்கும், மதாம்.
மூட ஓர் ஆள் வேண்டும்.

இதைச் சொல்லவா எழுபது பிராங்க்
என்று முணுமுணுத்தபடி எண்ணிக் கொடுத்தார்.
ஐந்து பிராங்க் குறைந்தது.
நானும் கேட்கவில்லை.

நிறுத்தத்தில் இருட்டிவிட்டது.
மூக்கு எங்கே இருக்கிறதென்று
தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.
தெருவுக்கு எதிரே அவர் வீட்டு ஜன்னல்
படாரென்று திறந்தது.
ஒரு தலை எட்டிப் பார்த்தது,
பனியிடம் என்னவோ திட்டியது,
அந்தப் பேச்சு வழக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது,
ஒரு பெயர் மட்டும் தெளிவாக.
பிறகு உள்ளே போனது.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
ஐந்து நிமிடம். பத்து.
பதினைந்துக்கு மூடுவார் என்று நினைத்தேன்.

பேருந்து வந்தது.
ஏறி, கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டித் திரும்பிப் பார்த்தேன்.
திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது.