கைவேலைப் பீரியட், புதுவயல்

வெந்த அரிசிமாவை
ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு கொடுத்தேன்.
கை கழுவியாச்சா என்று கேட்டதிலேயே
போயிற்று பாதிப் பீரியட்.

சாத்தப்பன் கார் செய்தான்:
வெள்ளரிச் சக்கரம், ஈர்க்கு அச்சு.
தள்ளிப் பார்த்தான். ஓடவில்லை.
ஈர்க்கை உருவிவிட்டுத் தின்றுவிட்டான்.
அடைக்கலராஜின் ரைஸ்மில்லுக்குக்
கேரட் புகைபோக்கி,
புகைக்குத் தேங்காய்ப்பூ.
எள்ளை ஒட்டி ஒட்டி
"எங்க அத்தா தாடி" என்றாள் பர்வீன்.

மதியம் பி.இ.ஓ. வந்தார்.
பதிவேட்டைப் புரட்டினார்.
"இருபத்தெட்டுப் பொருளும் எங்கே டீச்சர்?"
வகுப்பே
வாயைத் திறந்து காட்டியது.

உமையாள் மட்டும்
கையை மூடிக்கொண்டு நின்றாள்.
விரிக்கச் சொன்னால்
நாயோ பூனையோ,
ஒற்றை மிளகுக் கண்ணோடு ஒன்று.

"இன்னொரு கண்ணு வைக்கலை சார்.
அதுக்குள்ள எப்படித் திங்கிறது?"