ஆண்டுக்கு ஒரு ரூபாய்

கோப்பின் முதல் தாளில்
கரையான் தின்றது போக மிச்சம் இவ்வளவு:
குன்னூர் நகராட்சிக்குச் சொந்தமான பதினேழு சென்ட்,
ஒரு கூடம், ஒரு இறகுப்பந்துத் தளம்,
சில்வர் ஓக் எட்டு உட்பட
இளைஞர் சங்கத்துக்குக் குத்தகை.
ஆண்டுக்கு ஒரு ரூபாய்.
ரசீது எழுதுபவள் நான்.
கார்பன் தாளுக்கே அதைவிட அதிகம் ஆகும்.

சங்கத்தின் விதி நான்கு:
உறுப்பினர் என்பவர் உறுப்பினரின் மகன்.
முற்றுப்புள்ளியைக்கூட அழுத்தி வைத்திருக்கிறார்கள்.

போன ஜூனில் யோகராணி விண்ணப்பித்தாள்.
தந்தை எந்த ஆண்டு உறுப்பினர் என்ற கட்டத்தில்
'அம்மா இலை எடுக்கிறாங்க,
பத்தொன்பதாம் நம்பர் காடு.'
திரும்பி வந்ததை
அப்படியே எங்களுக்கு அனுப்பினாள்.

ஆணையர் எழுதினார்:
ஊர் நிலம். ஊருக்குத் திறந்தால் ஒரு ரூபாய்.
மகன்களுக்கு மட்டும் என்றால்
மாதம் நாற்பத்தாறாயிரம்.

செயலாளர் ஸ்டான்லி துரைராஜ் பதில் எழுதினார்:
'யாரோடு விளையாடுவது என்பதை
வாடகையா தீர்மானிக்கும்?'
கேள்வி நன்றாகத்தான் இருந்தது.
தயிர்ச்சோற்றோடு இரண்டு முறை படித்தேன்.
எனக்கும் சில பேரோடு விளையாடப் பிடிக்காது.
ஆனால் அவர்களை
என் வீட்டு வாசலில்தானே தவிர்க்கிறேன்.

தடையாணை கேட்டார்கள். வாய்தா, வாய்தா,
நீதிபதி மாற்றல், வாய்தா.
மார்ச் முப்பத்தொன்றில்
குத்தகை தானாகவே செத்தது.
பூட்டுக்கு அரக்கு வைக்கப் போனோம்.
பனியில் ஒட்டவில்லை;
மெகபூப் ஜான் ஒன்பது தீக்குச்சி கிழித்தார்.

சும்மா ஏன் கிடக்கவேண்டும் என்று
பர்லியாறு சோதனைச் சாவடியில் பிடுங்கிய
தண்ணீர் பாட்டில்களை உள்ளே கொட்டினார்கள்.
தளத்தின் வெள்ளைக் கோடுகள் மூழ்கிவிட்டன.
இரவுக் குளிரில் அவை தாமாகவே நெளிந்து முனகுமாம்.
சங்கத்தார் கூட்டம் போடுகிறார்கள் என்று
காவலாளி முதல் நாள் டார்ச்சோடு ஓடினார்.

ஏப்ரல் ஒன்று. துரைராஜ் வந்து
என் மேசையில் ஒரு நாணயம் வைத்தார்.
'வாடகை.'
வாங்கினால் குத்தகை இருக்கிறது என்றாகும்.
வாங்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.
எந்தக் கணக்குத் தலைப்பிலும் சேராத ரூபாய்
குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

யோகராணி மட்டையோடு வந்தாள்.
'மனு என்னாச்சு?'
நிலுவை.
'கதவு?'
அதுவும்.

சாயங்காலம் அந்தப் பக்கமாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தேன்.
பூட்டிய கேட்தான் வலை.
வெளியே அவள்.
சுவரேறிக் குதித்து உள்ளே நின்றவன்
பந்தைத் தவறவிட்டுச் சிரித்தான்.
அத்துமீறல். குறிப்பு எழுதியாக வேண்டும்.
யார் மகன் என்று நான் கேட்கவில்லை.