பன்னிரண்டாவது படம்

காளவாசல், டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி.
பதினெட்டுப் பேர்,
நெஞ்சிலும் முதுகிலும் எண் கட்டிய வெள்ளைத் துணி.

முப்பது நொடி பார், நாலு நிமிடம் எழுது.
சுவரில் மங்கலாக ஒரு படம்:
ஆற்றங்கரையில் யாரோ குனிந்திருக்கிறார்.
அழுகிறாரா, எதையோ தேடுகிறாரா,
நான் சொல்லக் கூடாது.

விடைகள் எனக்கு மனப்பாடம்.
எல்லாக் கதையிலும் வெள்ளம்.
எல்லாக் கதையிலும் அவன் இளைஞர்களைத் திரட்டி
பாலம் கட்டி, கலெக்டர் கையால் பரிசு வாங்குகிறான்.
வைகையில் இத்தனை தண்ணீரை
இந்தத் தாள்களில்தான் பார்த்திருக்கிறேன்.

சொல் தேர்விலும் அப்படித்தான்.
'பயம்' என்று காட்டினால்
'பயத்தை வென்றால் பாதி வெற்றி'.
ஒரே ஒருமுறை, பன்னிரண்டாம் எண், கருமாத்தூர் மொக்கராசு,
'அப்பா' என்ற சொல்லுக்கு
'ராத்திரி லாரியில் வருவார், பேச மாட்டார்' என்று எழுதி
அடித்துவிட்டு
'அப்பா என் வழிகாட்டி' என்றான்.
அடித்த வரிக்கு என்னிடம் கட்டம் இல்லை.

பதினைந்து குணம், பதினைந்து கட்டம்.
முன்முயற்சி, பொறுப்புணர்வு, துணிவு, இன்னபிற.
உளவியலில் முதுகலை நான்.
ஞாயிறு ஒன்றுக்கு அறுநூறு ரூபாய்.
என்னையே போட்டுப் பார்த்ததுண்டு,
ஏழைத் தாண்டவில்லை.

கடைசிப் படம் வெறும் வெள்ளை.
உனக்குள் இருப்பதை அதில் பார்.
வெள்ளை விழுந்தது,
கரண்ட் போனது.
விசிறி தயங்கித் தயங்கி நின்றது.
யாரும் அசையவில்லை.
இருட்டும் தேர்வின் பகுதி என்று நினைத்தார்கள் போல,
பேனாக்கள் மட்டும் கீறிக்கொண்டிருந்தன.
கீழே சம்மட்டியால் டயரை அடிக்கும் சத்தம்.
நானும் அசையவில்லை,
கையில் ஸ்டாப்வாட்ச்.

நாற்காலி உரசியது.
ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியை
ஆணியோடு பிடுங்கினாள் ஒருத்தி.
ஏழாம் எண். மேலூர் ஷமீனா.
வெயில் வந்து எல்லார் தாளிலும் விழுந்தது.
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது
நாலு நிமிடம் முடிந்திருந்தது.

மாலையில் திருத்தினேன்.
பதினேழு தாளில் பதினேழு கதாநாயகர்கள்
இருண்ட கிராமத்துக்கு விளக்குப் போட்டிருந்தார்கள்.
ஏழாம் எண்ணின் தாள் வெள்ளை.
ஓரத்தில் மட்டும் காய்ந்த ரத்தம்,
ஆணி கிழித்தது.

விதிப்படி பூஜ்யம்.
போட்டேன்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது:
கரண்ட் வந்ததும்
நான் முதலில் செய்தது
அந்தத் துணியைத் திரும்ப மாட்டியது.
ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொள்ள
அவளைத்தான் கூப்பிட்டேன்.