பின்னணி இரைச்சல்

பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்தது:
மூன்று நிமிடக் கதைப்படம். தொடக்கம், நடு, முடிவு.
பின்னணி இரைச்சல் இருந்தால்
இரண்டு மதிப்பெண் குறைக்க.

கொருக்குப்பேட்டை. எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
முப்பத்தாறு பேருக்கு ஏழு போன்.
அதில் ஒன்று டில்லிபாபுவின் மாமாவுடையது,
அவர் லோடு ஏற்றப் போனால்
கதையும் லாரியில் ஏறிப் போய்விடும்.

ஜன்னலுக்குக் கிழிந்த பேனரைப் போர்த்தினோம்.
புரொஜெக்டர் சூடேறும் வரை
சுவரில் ஒரு நீலக் கட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது குழு. கதை ரெக்சினாவுடையது:
துறைமுகத்தில் யாரும் கேட்டு வராத கன்டெய்னர்,
ராத்திரியில் உள்ளேயிருந்து தட்டுகிறது.
படம் வரைந்தது ஹேமாவதி.
குரலை வீட்டில், போர்வைக்குள் தலையை விட்டுப் பதிந்தார்களாம்.

போர்வை என்ன செய்யும்.
குக்கர் விசில். ஒரு கூட்ஸ் வண்டி,
ஐம்பது பெட்டியாவது இருக்கும்.
பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ அறைகிறார்கள்.
இத்தனைக்கும் நடுவில் டொக், டொக்.
காவலாளி போகிறான், பூட்டில் கையை வைக்கிறான்,

"ஏய் ரெக்சி, தண்ணி வந்துச்சுடீ!"

போர்வை உதறும் சத்தம். ஓட்டம்.
சுவரில் அதே படம், பூட்டின் மேல் கை.
ஒலியில் குடம்.

மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்!
நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
வகுப்பு அசையவில்லை.
தடதடவென்று விழுந்த தண்ணீர்
மெல்லக் குரல் ஏறி, இன்னும் ஏறி, மெலிந்து
"நெறையப் போவுது" என்றான் கடைசி பெஞ்சு நூருல்லா.
அந்த நொடியில் நின்றது.
அடுத்த குடத்துக்கு நாலைந்து பேர் சொன்னார்கள்.
மூன்றாவதற்கு எல்லோரும்,
என்னைத் தவிர.

எங்கள் வீட்டில் தண்ணீர்
சத்தமில்லாமல் மாடிக்கு ஏறும்,
நிறைந்தால் மோட்டார் தானே நிற்கும்.

பிறகு ரெக்சினா, மூச்சிரைக்க:
"எங்க வுட்டேன்? ஆங், பூட்டு."
கதவு திறக்கிறது. உள்ளே முழுக்க பொம்மைகள்,
அத்தனையும் கண் விழித்தபடி.
ஒருத்தி நிஜமாகவே அலறினாள்.

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்றேன்.
ஹேமாவதிக்குக் கோபம்.
"வெட்னா அவன் ஒடனே தொறந்துடுவான் மிஸ்.
பயமே இருக்காது."

இரைச்சல் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
வைத்தபடியே இருந்தேன்.

டில்லிபாபு மேசையருகே நெளிந்தான்.
மாமா கேட்டாண்ட நிற்கிறாராம்,
மணலிக்கு லோடு, போன் வேண்டுமாம்.

இன்னும் காப்பி எடுத்திருக்கவில்லை.