மல்லச்சந்திரம், வார லீவு

ஞாயிறென்றால் ஓசூர் மால்தான் எனக்கு.
முனிரத்னா இழுத்துவந்தாள்.
ராயக்கோட்டையில் பஸ் மாறி,
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில்.

பாறை சுட்டது. பாதியில் செருப்பு வார் அறுந்தது.
உச்சியில் வீடுகள்:
நாலு பலகைக்கல், தலைக்கு ஒன்று,
சுவரில் வட்டமாய் ஒரு துளை.

“பாண்டவர் வீடு” என்றார் ஆடு மேய்ப்பவர்.
“செத்தவங்க வீடு” என்றாள் இவள்.
சடசடவென்று மழை.
யார் வீடென்று நான் கேட்கவில்லை.

தலை போனது, தோள் போனது,
இடுப்பு மாட்டிக்கொண்டது.
நனைந்தபடியே சிரித்து
காலைப் பிடித்துத் தள்ளினாள் பாவி.

உள்ளே
காய்ந்த மண், ஆட்டுப்புழுக்கை வாசம்.
ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஓர் அறை.
கால் நீட்டினேன். கல் தடுக்கவில்லை.
ஐந்து நிமிஷம்,
அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை,
முழு வீடும் எனக்கு.

பிறகு ஆடுகள் வந்தன.