பக்கத்துத் தெரு, கரகோல்

இன்று பேக்கரிக்கு நான் இல்லை.
தலாந்த் கடையில் சைக்கிள் எடுத்தேன்.
"இதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தானே?" என்றான்.
வெளியூர் வாடகையையே வாங்கிக்கொண்டான்.
முன்பிரேக் பிடிக்காது,
பின்பிரேக் ஊரைக் கூட்டும்.

பாப்ளார் வரிசைக்குள்
வெயில், நிழல், வெயில் என்று முகம் கூச
ஆணியில்லாத அந்த மரப் பள்ளிவாசலுக்குப் போனேன்,
முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக.
சீட்டு கிழித்த பெண் கேட்டாள், எந்த நாடு?
பக்கத்துத் தெரு என்றேன்.
சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சந்தையில் ஜில்லென்று ஒரு கிண்ணம் அஷ்லான்ஃபு.
காடி மூக்கில் ஏறியது. இன்னொரு கிண்ணம்.
ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்,
யாருக்கு அவசரம்?
எதிரே மலை,
எங்கள் மாவு மூட்டைகளை இறக்கும் பையனைப் போல
தலையெல்லாம் வெள்ளையாக
இடுப்பில் கை வைத்து நின்றது.

இறக்கத்தில் சைக்கிள் தானாகவே
என் தெருவுக்குள் நுழைந்துவிட்டது.
நீல ஜன்னல் வீடு. நன்றாகத்தான் இருக்கிறது,
ஒரு பூச்சு கொடுக்கலாம்.
வாசலில் ஒருவர் கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்,
தூசி முழுக்கத் தன்மேலேயே விழும்படி.
மணி அடித்தேன்.
திரும்பிப் பாராமல் ஓரம் ஒதுங்கினார்
என் கணவர் எர்மெக்.

நிறுத்தவில்லை.
வாடகையில் இன்னும்
ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது.